நாற்காலித் தோப்புக்கரணம்

மன்னார்குடி,
ஐப்பசி 28.

அன்புள்ள கயலுக்கு, பெரிய மாமா ஆசீர்வாதம்.

இங்கே மூன்று நாளாக அடைமழை. ஹரித்ராநதிக் குளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. காலை நடைக்கு வழியில்லை. திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாயே, "அம்மாவை ஒரு துரும்பை எடுத்துப் போட விடறதில்ல மாமா, காபிகூட கட்டிலுக்கே போயிடும், முட்டி தேஞ்சிடுச்சுன்னு டாக்டர் சொன்னதுலேருந்து மாடிப்படிப் பக்கமே விடல" என்று. பெருமையாகத்தான் சொன்னாய். நானும் "சமத்து" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. பெற்றவளை இப்படித் தாங்குகிற பெண் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் கயல், இந்தத் தாங்கலே என் தங்கச்சியை ஒரேயடியாகக் கட்டிலில் போட்டுவிடும். இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், உன் அம்மா பிடுங்கி வாங்கி என்னைத் திட்டுவாள். அதனால்தான் கடிதம்.

இதில் நான் பட்டவன். உன் மாமா 34 வருஷம் டிரில் மாஸ்டர். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன். ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர் 1920-இல் ஆரம்பித்த கல்லூரி அது. அங்கே எலும்புக்கூட்டை மாட்டி வைத்து, முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டிப் பாடம் நடத்துவார்கள். பரீட்சையில் எல்லாம் எழுதினேன். என் முட்டி நோக ஆரம்பித்தபோது அத்தனையும் மறந்துபோயிற்று.

2014-இல் ஓய்வு. விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டியதோடு உடம்பையும் கழற்றி மாட்டிவிட்டேன். இரண்டு வருஷத்தில் 11 கிலோ ஏறியது. வலது முட்டியில் முதலில் ஒரு கடுகடுப்பு, பிறகு காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிஷம் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும், பிறகு படி இறங்கும்போது குத்தல். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்தார்கள். "தேய்மானம், மூணாவது கிரேடு" என்றார்கள். படி ஏறாதீர்கள், தரையில் உட்காராதீர்கள், அதிகம் நடக்காதீர்கள். ஆகாததெல்லாம் வரிசையாக வந்தது. ஆவது என்ன என்று அவர்களும் சொல்லவில்லை, டிரில் மாஸ்டருக்குக் கேட்கவும் தோன்றவில்லை. ஒரு பை நிறைய மாத்திரையோடு திரும்பி வந்து ஈசிசேரில் சாய்ந்தவன், ஒன்றரை வருஷம் எழுந்திருக்கவில்லை. உன் மாமி, இன்று நீ செய்கிற அத்தனையும் எனக்குச் செய்தாள்.

அந்த வருஷம் விநாயகர் சதுர்த்தி. வீட்டுப் பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு ஒரு தோப்புக்கரணம் போடப் பார்த்தேன். பாதி இறங்கினேன். அதற்கு மேல் இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. பூஜை அலமாரியைப் பிடித்துத் தொங்கினேன். உன் மாமியும் பக்கத்து வீட்டுப் பையனும் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை வருஷக்கணக்கில் ஐம்பது, நூறு என்று எண்ணிப் போடவைத்தவன் நான். பிள்ளையார் சிரித்திருப்பார்.

அதற்கப்புறம்தான் இங்கே அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவுக்குப் போனேன். சின்னப் பெண். உன் வயதுதான் இருக்கும். என் எக்ஸ்ரேயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தையற்காரர் இஞ்ச் டேப்பை எடுத்தாள். முட்டிச் சில்லிலிருந்து மேலே நான்கு விரல், அங்கே பேனாவால் ஒரு கோடு. இரண்டு தொடையையும் சுற்றி அளந்தாள். இடது 44 சென்டிமீட்டர். வலது 41. டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "சார், முட்டி அங்கேயேதான் இருக்கு. தொடைதான் ஊரைவிட்டுப் போயிடுச்சு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

முழங்கால் தனியாக நிற்கிற சாமான் இல்லை. மேலே தொடை எலும்பு உருண்டையாக முடிகிறது, கீழே கால் எலும்பு தட்டையாக இருக்கிறது. தட்டின் மேல் உருண்டையை வைத்த மாதிரி. அது உருண்டு விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது பிணைநார்ப் பட்டைகளும் சதைகளும்தான். அதில் பெரியது தொடையின் முன்பக்கச் சதை, நான்கு பிரிவாக வந்து முட்டிச் சில்லில் சேர்கிறது. ஏறும்போது தூக்கிவிடுவதும் அதுதான், இறங்கும்போது பிரேக் பிடிப்பதும் அதுதான். பிரேக் போன வண்டி எங்கே போய் இடிக்கும்? ஒவ்வொரு படி இறங்கும்போதும் எலும்பு தொம் தொம் என்று எலும்பின் மேலேயே உட்காரும். வலிக்கும். வலித்தால் நாம் அசைய மாட்டோம். அசையாவிட்டால் சதை இன்னும் வற்றும். போதாததற்கு, முட்டியில் நீர் கோத்துக்கொண்டால் அந்த நீரே தொடைச் சதையை முழு பலத்தோடு இயங்கவிடாமல் அமுக்கிவிடும். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் போடுகிற கட்டுதான், ஆனால் அதை அவிழ்க்க ஆள் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. எலும்பு முனைகளில் வழவழவென்று குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. நம் ஊரில் அதையும் சேர்த்துத்தான் ஜவ்வு என்கிறோம். அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. அப்படியானால் சாப்பாடு? மூட்டுக்குள் இருக்கிற வழவழப்பான நீரிலிருந்துதான். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கிப் பழைய நீரைக் கக்கும். எடுக்கும்போது புது நீரை இழுத்துக்கொள்ளும். பிழிந்த துணியை மறுபடி வாளியில் போடுகிற மாதிரி. படுத்தே இருந்தால் பிழிவதும் இல்லை, இழுப்பதும் இல்லை. உன் அம்மாவுக்கு நீ கட்டிலுக்குக் காபி கொண்டுபோகிறாய், அவள் ஜவ்வு பட்டினி கிடக்கிறது.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

முதல் வேலை கட்டிலிலேயே. அம்மாவைக் காலை நீட்டி உட்காரச் சொல். நோகிற முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வை. முட்டியின் பின்பக்கத்தால் அந்தத் துண்டை மெத்தையோடு அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து, விட வேண்டும். பத்துத் தடவை. பார்த்தால் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். நீ தொடை மேல் உள்ளங்கையை வைத்துப் பார், முட்டிச் சில்லுக்கு உள்பக்கமாக மேலே ஒரு சதை விறைத்து எழும்பும். என் காலில் முதல் நாள் அது எழும்பவே இல்லை. வெறும் தோல் துடித்தது. நாலாம் நாள் கையில் தட்டுப்பட்டது. அன்றைக்கு வந்த சந்தோஷம் எங்கள் பள்ளிக்கூடம் மண்டல அளவில் கபடிக் கோப்பை வாங்கினபோதுகூட வரவில்லை.

அது பழகியதும், மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, இன்னொரு காலை மடக்காமல் ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்க வேண்டும். மெல்ல என்பதுதான் முக்கியம். தொப்பென்று போடக்கூடாது. இறக்குவதில்தான் பிரேக் பழகும். மூன்று வாரம் கழித்து மஞ்சப்பையில் அரைக் கிலோ பச்சைப்பயறைக் கட்டிக் கணுக்காலில் மாட்டிச் செய்யலாம். நான் பயறு, துவரை என்று ஏறி, ஒரு கிலோ உப்புப் பாக்கெட்வரை போனேன். உன் மாமி அந்த உப்பைச் சமையலுக்கு எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அடுத்தது நாற்காலி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்தாக வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு, வழுக்கக்கூடாது. அம்மா நுனிக்கு வந்து உட்காரட்டும். பாதம் இரண்டும் தரையில் அழுந்தப் பதிந்திருக்க வேண்டும், குதிகால் முட்டிக்குச் சற்று உள்ளே. மூக்கு பெருவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, எழுந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று ஒரு மூச்சு. பிறகு உட்கார வேண்டும், ஆனால் விழக்கூடாது. பின்பக்கம் நாற்காலியைத் தொட மூன்று எண்ணிக்கை ஆக வேண்டும். முட்டி இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கூடிவிடாமல் கால் விரல் பார்க்கிற திசையிலேயே போக வேண்டும். நீ எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டியது இதைத்தான். முதலில் முடியாவிட்டால், நாற்காலி மேல் இரண்டு தலையணை போட்டு உயர்த்து. பக்கத்தில் மேஜையைப் பிடித்துக்கொள்ளட்டும். வாரம் ஒரு தலையணையாகக் குறை. இதற்கு நான் வைத்திருக்கிற பெயர் நாற்காலித் தோப்புக்கரணம். பிள்ளையார் ஒத்துக்கொள்வார்.

இதிலேயே பரீட்சையும் உண்டு. கையை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ண வேண்டும். அமெரிக்காவின் சி.டி.சி. என்கிற நோய்த்தடுப்பு நிறுவனம் வயதானவர்கள் கீழே விழாமல் காக்க வைத்திருக்கும் கணக்குப்படி, 60 முதல் 64 வயதுப் பெண் 12-க்குக் குறைந்தால் கால் பலம் போதாது என்று பொருள். ஆணுக்கு 14. கையை ஊன்றி எழுந்தால் பூஜ்யம். முதல் நாள் நான் எடுத்தது 4. அதில் நாலாவது சந்தேகம்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைப் பக்கவாட்டில் தூக்குவது, இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இடுப்புச் சதை பலமாக இருந்தால்தான் முட்டி உள்பக்கம் சாயாமல் நிற்கும். மொத்தம் இருபது நிமிஷ வேலை. வாரத்தில் மூன்று நாள் கனமாக, மற்ற நாளில் துண்டு அழுத்துவதும் நடையும் போதும்.

"வலிக்குதேடா" என்பாள். வலிக்கும். இதில்தான் நீ மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும், அதே சமயம் கண்ணையும் திறந்து வைத்திருக்க வேண்டும். டென்மார்க்கில் 2013-இலிருந்து முட்டித் தேய்மானக்காரர்களைக் கூட்டி வைத்து ஆறு வாரம் பயிற்சி கொடுக்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் அளவுகோலைத்தான் அந்தப் பிசியோதெரபிப் பெண் எனக்கும் சொன்னாள். வலியே இல்லை என்பது 0, உயிர் போகிறது என்பது 10. பயிற்சியின்போது 5 வரை வந்தால் பாதகமில்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையா, நேற்றுச் செய்தது ஜாஸ்தி. நிறுத்தாதே, குறை. பத்தை ஆறாக்கு, பயற்றுப் பையைக் கழற்று. தொடையில் வருகிற கடுப்பு வேறு, முட்டிக்குள் வருகிற குத்தல் வேறு. தொடைக் கடுப்பு நல்ல செய்தி.

அசைந்தால் இன்னும் தேய்ந்துவிடாதா என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். 1997-இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. முட்டித் தேய்மானம் உள்ள, 60 வயது தாண்டிய 439 பேர். ஒரு பிரிவுக்கு நடை, இன்னொன்றுக்கு எடைப் பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு வெறும் சுகாதார வகுப்பு. பதினெட்டு மாதம். பயிற்சி செய்த இரண்டு பிரிவிலும் வலி குறைந்தது, நடமாட்டம் கூடியது. எக்ஸ்ரேயில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசமில்லை. அதாவது, பயிற்சியால் யாருக்கும் கூடுதலாகத் தேயவில்லை. தேய்ந்தது திரும்ப வளர்ந்ததாகவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வலி முழுக்கப் போய்விடும் என்று உன் அம்மாவிடம் ஆசை காட்டாதே. எனக்கு மழைநாளில் இன்றும் கடுகடுக்கிறது. இதை எழுதும்போதும் வலது முட்டி இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் குளியலறைக்குப் போக ஆள் வேண்டியதில்லை. கோபாலன் கோயில் வாசற்படியை யார் கையையும் பிடிக்காமல் தாண்டுகிறேன்.

எவ்வளவு நாளில் பலன் தெரியும் என்றால், ஆறு முதல் எட்டு வாரம். முதல் பதினைந்து நாள் "இந்த வெட்டிவேலை எதற்கு" என்றுதான் இருக்கும். மூத்தவன் வீட்டுக்கு ஓசூர் போய் ஒரு மாதம் பயிற்சியை விட்டேன், மெத்தனம். திரும்பி வந்து நாற்காலிப் பரீட்சையில் எண்ணிப் பார்த்தால் 13-லிருந்து 9. இது மருந்து மாதிரி ஒரு கோர்ஸ் முடித்துவிட்டு நிறுத்துகிற சமாசாரமில்லை. குளிப்பது மாதிரி, அன்றன்றைக்குச் செய்ய வேண்டும்.

நடை பற்றி. நான் ஹரித்ராநதியைச் சுற்றுகிறேன். 23 ஏக்கர் குளம் என்பார்கள். முதல் மாதம் வடகரை மட்டும், அதுவும் நடுவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து. பிறகு வடகரையும் மேல்கரையும். நான்கு கரையையும் உட்காராமல் சுற்றி வர ஐந்து மாதம் ஆயிற்று. உங்கள் மாம்பலம் தெருவில் குளமும் இல்லை, நடைபாதையும் இல்லை. மொட்டை மாடி இருக்கிறதே. வெயில் தாழ்ந்ததும் பத்து நிமிஷம் போதும். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில் என்று சொல்லிக்கொடு. தடி வைத்துக்கொள்ளச் சொன்னால் கௌரவக் குறைச்சல் என்பாள், அவளும் எங்கள் அப்பாவுக்குப் பிறந்தவள்தானே. வைத்துக்கொண்டால் நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். பாதிப் பேர் நோகிற பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு நொண்டுகிறார்கள்.

எடையைப் பற்றி அவளிடம் நேராகப் பேசாதே, அன்றைக்குச் சாப்பிடவே மாட்டாள். கணக்கு உனக்குத் தெரிந்திருந்தால் போதும். உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் ஏறுகிற பாரம் 4 கிலோ குறைகிறது என்று 2005-இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது கிலோ. ஓர் அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, சுண்டலையும் முட்டையையும் கூட்டு. சதை வளர வேண்டுமே, வெறும் ரசம் சாதத்தில் எங்கிருந்து வளரும்?

உன் அத்தை கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி அனுப்பியிருப்பதாகச் சொன்னாய். சூப் வைத்துக் குடியுங்கள், மிளகு தூக்கலாகப் போட்டால் நன்றாக இருக்கும். முடக்கத்தான் தோசையும் எனக்குப் பிடிக்கும். தொடையை அது தூக்காது. தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், தேய்த்துவிட்டு நாற்காலிக்குப் போகட்டும். முட்டியில் மாட்டுகிற உறை வெளியே போகும்போது தைரியத்துக்குச் சரி. வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்குவதை மட்டும் உடனே நிறுத்து. வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

ஆபரேஷன் பற்றியும் கேட்டிருந்தாய். முட்டிக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டுகிற சிகிச்சை ஒன்று ரொம்ப காலம் கொடிகட்டிப் பறந்தது. ஹூஸ்டனில் 180 பேரை எடுத்து, சிலருக்கு நிஜமாகவே செய்தும், சிலருக்குத் தோலில் கீறி மட்டும் தைத்தும் அனுப்பி, யாருக்கு எது என்று அவர்களுக்குச் சொல்லாமல் இரண்டு வருஷம் பார்த்தார்கள். வலியில் வித்தியாசமே இல்லை. 2002-இல் அது வெளியானது. ஆகவே தேய்மானத்துக்கு அதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேள். மூட்டு மாற்றுவது அப்படியில்லை, அது உண்மையிலேயே கை கொடுக்கிற சிகிச்சை. வாஜ்பாய் பிரதமராக இருக்கும்போதே 2000-இல் ஒரு முட்டி, 2001-இல் மறு முட்டி என்று மும்பையில் மாற்றிக்கொண்டார். நம் ஊர் டீக்கடையில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் ராத்திரித் தூக்கம் வலியால் கெடுகிறது, நாலு அடி வைக்க முடியவில்லை என்றால் அதற்குப் போக வேண்டியதுதான். அப்போதும் தொடைப் பலம் வீண்போகாது. புது மூட்டைத் தூக்கி நடக்க வேண்டியது அதே பழைய தொடைதானே.

எக்ஸ்ரேயைப் பார்த்து மிரளாதே. படத்தில் கோரமாகத் தெரிகிற முட்டிக்காரர் நாலு மாடி ஏறுவார், படத்தில் சுத்தமாக இருக்கிறவர் முனகுவார். ஆனால் முட்டி சிவந்து சுட்டு, காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றே டாக்டரிடம் கூட்டிப் போ. திடீரென்று கால் ஊன்றவே முடியாமல் போனாலும், முட்டி மடங்கின நிலையில் சிக்கிக்கொண்டாலும், ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கினாலும் அப்படியே. கை விரல் கணுக்களும் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வேறு வைத்தியம், தள்ளிப் போடக்கூடாது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். "எனக்குக்கூட லேசா இருக்கு மாமா" என்று நடுவில் ஒரு வாக்கியத்தைச் சொருகிவிட்டுத் தாண்டிப் போனாயே, நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா? 27 வயதில், மாடி ஏறும்போது முட்டிச் சில்லுக்கு முன்பக்கம் வலி, மடக்கினால் மடக் மடக்கென்று சத்தம். வலி இல்லாத சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாதே. வலியைத்தான் பார்க்க வேண்டும். காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை புடவைக் கவுண்ட்டரில் நிற்கிறாய். நிற்பதும் ஒருவகை உட்காருவதுதான், அசைவு இல்லையே. பெய்ஜிங்கில் வயதானவர்களை விசாரித்துப் பார்த்தார்கள். 25 வயதில் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் குந்தி உட்கார்ந்து பழகியவர்களுக்குப் பின்னாளில் முட்டித் தேய்மானம் அதிகம் என்று 2004-இல் எழுதினார்கள். குந்தி எழுந்திருப்பது வேறு, குந்தியே இருப்பது வேறு. முட்டிக்குப் பிடிக்காதது அசைவு இல்லை, ஒரே நிலை. உன் அம்மா கட்டிலில், நீ கவுண்ட்டரில். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்கிறீர்கள்.

கடை ஊழியர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. கேரளம் அதற்கு மூன்று வருஷம் முன்பே செய்தது. உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறது, ஆனால் உட்கார்ந்தால் சூபர்வைசர் முறைக்கிறார் என்று சொன்னாய். முறைக்கட்டும், சட்டம் உன் பக்கம். நீ ஒருத்தியாகப் போய்ச் சண்டை போடாதே, நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அரை மணிக்கு ஒருதரம் ஸ்டூலில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்திரு. கவுண்ட்டரைப் பிடித்துக் குதிகாலை இருபது தடவை உயர்த்து. கட்டுப் புடவையை எடுக்கிற மாதிரி பாவனையில் செய்தால் யாருக்கும் தெரியாது.

வீட்டில் நீ அசல் தோப்புக்கரணமே போடலாம். வலி வராத ஆழம்வரை இறங்கு, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல். காதைப் பிடிப்பது உன் இஷ்டம். லீவு நாளில் மெல்ல ஓடவும் செய். ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று உன் அம்மா சொல்வாள். 2017-இல் பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஆசைக்கு ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் நூற்றுக்கு 3.5 பேருக்கு, ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 பேருக்கு. போட்டிக்காக ஓடுகிறவர்களுக்கு 13.3. நீ ஒலிம்பிக் போகப்போவதில்லை, தைரியமாக ஓடு.

உன்னிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் மாமியிடம்கூடச் சொன்னதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு நான் பிள்ளைகளுக்குக் கற்பித்தது, உடம்பை அசைப்பது தண்டனை என்பதைத்தான். லேட்டாக வந்தாயா, மைதானத்தைச் சுற்று. பேசினாயா, தோப்புக்கரணம். அந்தப் பிள்ளைகள் இப்போது நாற்பது, ஐம்பது வயதில் இருப்பார்கள். கடைத்தெருவில் பார்த்தால் "வணக்கம் சார்" என்கிறார்கள், சிலர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே. நான் என்ன சொல்ல? உன் அம்மா என்னிடம் படிக்கவில்லை, பிழைத்தாள். சின்ன வயதில் பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக் காலில் எட்டுக் கட்டத்தையும் தாண்டித் திரும்பி வருவாள், சில்லு கோட்டில் விழாது. தெருவில் அவளை ஜெயித்தவர்கள் கிடையாது. நீ அவளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும்போது வாத்தியாராகிவிடாதே. எதிரே இன்னொரு நாற்காலி போட்டு நீயும் சேர்ந்து எழுந்திரு. சீரியல் விளம்பரத்தில் ஐந்து போதும். அவள் எண்ணட்டும்.

நாளை பார்சல் லாரியில் ஒரு நாற்காலி அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்தில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. கைப்பிடி இல்லை, உயரம் சரியாக 17 அங்குலம், அளந்துவிட்டேன். முதுகுப் பலகையில் வெள்ளைப் பெயிண்டில் 6-பி என்று எழுதியிருக்கும், அழிக்க வேண்டாம். ஏற்றி இறக்குவதில் பின்பக்க இடது கால் கொஞ்சம் ஆட்டம் கொடுக்கலாம். ஆடினால் ஆசாரியைக் கூப்பிட்டு ஆப்பு வைத்த பிறகுதான் அம்மாவை உட்கார வைக்க வேண்டும். முதல் நாள் 30 விநாடியில் எத்தனை என்று எனக்கு மறக்காமல் போனில் சொல். கையை ஊன்றினாளா, இல்லையா என்பதையும்.

இப்படிக்கு,
பெரிய மாமா